கிராஃபீனுக்குப் பொட்டு வைத்தவன்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதைப் பார்த்தாலும் துடைப்பேன். ஓட்டலில் டேபிள் துடைக்க வருகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, இங்கே ஏற்கெனவே ஆள் போட்டாயிற்று என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். (அவர் நன்றி சொல்லவில்லை. எழுந்து போய் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டார்.) என் மனைவி சுமதி இதையெல்லாம் சுத்தம் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. "கை சும்மா இருக்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்பாள்.

இந்த வியாதியோடு ஒருவன் உலகத்தில் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம். போகக்கூடாத ஒரே வேலைக்கு நான் போனேன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில், இயற்பியல் துறையில், லேப் அசிஸ்டன்ட். வீடு கடலூரில். காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். நடுவில் இருக்கும் நேரத்தில் துடைப்பேன்.

நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. அந்த வயதில் மனிதனுக்கு நிதானம் வந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தொப்பை மட்டும்தான் வந்திருந்தது.

எங்கள் துறையில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஊர் கிள்ளை. அப்பா பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் அவள் எதையும் இரண்டு தடவை செய்து பார்ப்பாள், மூன்று தடவை எழுதிவைப்பாள். என்னை 'அண்ணா' என்று கூப்பிடுவாள். என்னை அந்தத் துறையில் 'யோவ்' இல்லாமல் கூப்பிட்ட ஒரே ஆள்.

அவள் ஆராய்ச்சி சோலார் செல். அது எனக்குத் தெரியும். மாடியில் போடுகிற நீலப் பலகை. ஆனால் இரண்டு வருஷமாக அவள் நீலப் பலகை எதையும் செய்யவில்லை. வெறும் கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடியில அப்புடி என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியாதுண்ணா. தெரியக்கூடாது. அதுதான் விசேஷம்."

"அப்புறம் எதுக்கு பாக்கற?"

அவள் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "நீங்க தினம் வர்ற பஸ்ஸுல முன்னாடி ஒரு படி, பின்னாடி ஒரு படி இருக்குதுல்ல? கூட்டம் ஏறுறது ஒரு பக்கம், இறங்குறது ஒரு பக்கம். சோலார் செல்லுக்கு அந்த வசதி இல்ல. வெயிலு ஏறுற படி வழியாவேதான் கரண்டு இறங்கணும். அந்தப் பக்கம் உலோகத்தப் போட்டா கரண்டு நல்லா இறங்கும், ஆனா வெயிலு ஏற முடியாது. வெறும் கண்ணாடியப் போட்டா வெயிலு ஏறும், கரண்டு இறங்காது."

புதுச்சத்திரம் நிறுத்தத்தில், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே படியில் மோத, தினமும் இந்தப் பிரச்சினையை நான் உடம்பால் அனுபவிப்பதால் சட்டென்று புரிந்தது.

"அப்ப என்னாதான் பண்றாங்க?"

"இப்போ இண்டியம்னு ஒரு உலோகம் கலந்த பூச்சு போடுறாங்க. அது கிடைக்கிறது கம்மி. வளைச்சா வேற விரிஞ்சிரும். அதுக்குப் பதிலா கிராஃபீன் போட்டா? பென்சில்ல இருக்கிற கரிதான். ஆனா ஒரே ஒரு அணு கனத்துக்கு ஒரு படலம். வெயில அப்படியே விட்டுரும், கரண்டையும் கடத்தும். கண்ணுக்குத் தெரியாது."

ஒரு அணு கனம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அதைவிட மெல்லிசாக உலகத்தில் ஒரு படலத்தைச் செய்யவே முடியாது என்றாள். ஓட்டல் சாம்பார் பார்சலில் வரும் காய்கறியை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தப் படலத்தைச் செம்புத் தகட்டின் மேல் வளர்ப்பார்களாம். எங்கள் கல்லூரியில் அதற்கு உலை இல்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கெஞ்சிக் கேட்டு, வளர்த்த தகட்டைத் துண்டுதுண்டாக வாங்கி வந்திருந்தாள். அதைச் செம்பைக் கரைக்கும் திரவத்தில் மிதக்க விடுவாள். செம்பு முழுக்கக் கரைந்ததும் படலம் மட்டும் மேலே நிற்கும். நிற்கிறது என்று அவள் சொல்வாள், நாம் நம்ப வேண்டும். பிறகு அதைத் தண்ணீருக்கு மாற்றி, ஆறின பாலின் ஆடையைக் கரண்டியால் அள்ளுவதுபோல, ஒரு கண்ணாடித் துண்டை அடியில் விட்டு மெதுவாக அள்ளுவாள். பதினோரு தடவை அள்ளினாள். பதினோரு தடவையும் கிழிந்தது. பன்னிரண்டாவது தடவை ஒழுங்காக வந்தது. தீப்பெட்டி அளவு கண்ணாடி, அதன்மேல் கிழியாத கிராஃபீன். அதுதான் கடைசித் துண்டும்கூட. சென்னைக்காரர்கள் இந்த வருஷத்துக்கு இனிமேல் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அது வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அடுத்த புதன்கிழமை அவளுக்கு ரிவியூ. வெளியிலிருந்து வரும் நிபுணர் முன்னால், கிராஃபீன் போட்ட ஒரு செல்லாவது வேலை செய்வதைக் காட்டினால்தான் உதவித்தொகை தொடரும். இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அவள் அந்தக் கண்ணாடியை மூடி போட்ட ஒரு வட்டக் கிண்ணத்தில் வைத்தாள். நாலு நாள் காய வேண்டுமாம். மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டினாள்: 'தொடாதீர்கள்.' பிறகு என்னைப் பார்த்தாள். காகிதத்தில் 'கலியமூர்த்தி அண்ணா' என்று சேர்த்து எழுதலாமா என்று யோசிக்கிற பார்வை.

"அண்ணா, வெரல் பட்டாலே போயிரும். சொல்லிட்டேன்."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றேன், புண்பட்ட குரலில்.

மத்தியானம் அவள் ஊருக்குக் கிளம்பினாள். மத்தியானத்துக்கு மேல் நான் ஆயுத பூஜைக்குக் கிளம்பினேன்.

எங்கள் துறையில் ஆயுத பூஜை என் ராஜ்ஜியம். மற்ற நாட்களில் துறைத் தலைவர் பெரியவர், அன்றைக்கு நான். விடுமுறைக்கு முந்தின வேலை நாளில், நாலு மணி பூஜைக்கு, லேபில் இருக்கும் அத்தனை பொருளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவேன். மைக்ராஸ்கோப், பவர் சப்ளை, ஊசல் குண்டு, தீயணைக்கும் சிலிண்டர், தலைவர் நாற்காலி. ஒரு வருஷம் அவசரத்தில் ஒரு கால்குலேட்டரின் திரையில் பொட்டு வைத்ததில், வருஷம் முழுக்க எல்லாக் கணக்கும் நடு இலக்கம் தெரியாமலே வந்தது.

அன்றைக்கு ஸ்டெல்லாவின் மேஜைக்கு வந்தேன். கிண்ணம் இருந்தது. 'தொடாதீர்கள்' இருந்தது. மூடியில்தானே எழுதியிருக்கிறது? அதனால் மூடியை, எழுத்து மேல் கை படாமல், விளிம்பைப் பிடித்து மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்தேன்.

உள்ளே கண்ணாடி. அதன்மேல், சாய்த்துப் பார்த்தால், தண்ணீரில் எண்ணெய் விழுந்த மாதிரி லேசாக ஒரு வானவில் கறை.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை விளக்கியாக வேண்டும். இன்றைக்கும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். கிராஃபீன் கண்ணுக்குத் தெரியாது என்று அவளே சொன்னாள். இந்தக் கறையோ கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே இது கிராஃபீன் இல்லை. ஆகவே இது அழுக்கு. பாவம், பொண்ணு ஊருக்குப் போகும் அவசரத்தில் எண்ணெய்க் கையோடு பிடித்துவிட்டாள். இதோடு செல் செய்தால் நிபுணர் என்ன நினைப்பார்?

பழைய பனியன் துணியை ஈரமாக்கித் துடைத்தேன். பாதிக் கறை போயிற்று. மறுபாதி பிடிவாதமாக இருந்தது. இன்னும் அழுத்தப் போன நேரத்தில் தலைவர் அறையிலிருந்து சத்தம்: "யோவ் கலியமூர்த்தி, கற்பூரம் எங்கய்யா?"

அந்தக் கற்பூரத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். துணியைப் போட்டேன். கண்ணாடிக்கு நடுவில் ஒரு சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமம் வைத்தேன். கிண்ணத்துக்குள்ளேயே இருந்தால் சாமிக்குத் தெரியாது என்று, அவள் பவர் சப்ளையின் மேல் சாய்த்து நிறுத்தினேன். தலைவர் கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பொரியும் கடலையும் கொடுத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்ததால் லேபை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ஸ்டெல்லா.

"அண்ணா, போட்டோவுல என் பவர் சப்ளை மேல பொட்டு வெச்ச கண்ணாடி ஒண்ணு தெரியுதே, அது எதுண்ணா?"

அந்தக் குரலைக் கேட்டதும்தான், கறை என்று நான் நினைத்தது கறையோ இல்லையோ, துடைத்தது எந்தக் கண்ணாடி என்பது எனக்கு உறைத்தது. வெரல் பட்டாலே போயிரும். நான் விரல் படவிடவில்லை. துணியால் அழுத்தித் தேய்த்திருந்தேன்.

"அதுவாம்மா? அது ஜன்னல் கண்ணாடி. ஒடஞ்சி கெடந்துது. சும்மா அழகுக்கு."

"ஜன்னல் கண்ணாடிக்கு எதுக்குண்ணா பொட்டு?"

"வெளிச்சம் குடுக்குதுல்ல?"

"என் கிண்ணம்?"

"மூடி போட்டபடி இருக்குது." (இது பொய் இல்லை. பேசிக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டேன்.)

"தேங்க்ஸ்ணா" என்று வைத்துவிட்டாள். அந்தத் தேங்க்ஸ் இருக்கிறதே, அது மூன்று நாளைக்கு என்னோடேயே குடியிருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அலமாரியில் அதே அளவு வெறும் கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றை எடுத்து, பொட்டு வைத்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொட்டும், நான் துடைத்து மிச்சம் வைத்த கறையும் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. வெறும் கண்ணாடியைக் கிண்ணத்துக்குள் வைத்தேன். பொட்டு வைத்ததை என் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். ஒரு ஆராய்ச்சியைத் தயிர்சாதம் இருந்த டப்பாவில் கடத்திக்கொண்டு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் சுமதி டிபன் பாக்ஸைத் தேய்க்க எடுத்துவிட்டாள். அடுப்படிக்கு ஓடினேன். அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"சந்தனம் குங்குமம் வெச்ச பொருள இப்புடியா எச்சி டப்பாவுல போட்டு எடுத்தாருவீங்க? என்னா இது?"

"லேபுல பூஜ பண்ணது."

"அப்ப சாமிகிட்ட வெக்க மாட்டீங்களா?" என்று நேராகக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் சாய்த்து வைத்து, ஒரு சாமந்திப் பூவும் வைத்தாள். மறுநாள் ஆயுத பூஜையில் அரிவாள்மணை, மிக்ஸி, மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், என் குற்றத்தின் தடயம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தீபாராதனை நடந்தது.

அன்று காலை சுமதியின் தம்பி பாஸ்கர் பைக்கைக் கழுவிப் பொட்டு வைக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன்.

"என்னா மாமா, மொகம் இப்புடி இருக்கு? பொரியில கல்லு கடிச்சிதா?"

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கர் பைக் பெட்டியிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தான்.

"இதுக்கா மாமா இப்புடி உக்காந்துருக்கற? கரண்டு கடத்துற சரக்குதான? இருந்தா மீட்டர் சொல்லிரும்."

சுமதி குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்தோம். அவன் இரண்டு ஊசிகளையும் கண்ணாடி மேல் வைத்தான். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. இடம் மாற்றி, நன்றாக அழுத்தி வைத்தான். ஒன்றுமில்லை.

"சுத்தம் மாமா" என்றான். "கண்ணாடி படு சுத்தமா இருக்கு."

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல் எனக்கு வலித்தது.

"இப்ப என்னா மச்சான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. கண்ணுக்குத் தெரியாத பொருளு காணாம போனா போலீசே கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்க. அங்க அடையாளம் கேட்டா அந்தப் பொண்ணு என்னா சொல்லும்? பேசாம இரு."

நானும் பேசாமல் இருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் ஒரு பொருளைக்கூடத் துடைக்கவில்லை. சுமதி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். திங்கட்கிழமை லேபில் தீப்பிடித்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு யோசனை வந்தது. உடனே தீயணைக்கும் சிலிண்டரை நான்தான் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்துவிட்டாள். கிண்ணத்தைத் திறந்து, கண்ணாடியை இடுக்கியால் எடுத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. அசிட்டோனில் முக்கி எடுத்தாள். காயவிட்டாள். மீட்டரை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்று வெளியே ஒரு வேப்பமரத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் போனது. அவள் மீட்டரை அணைத்துவிட்டு, நோட்டைத் திறந்து ஏதோ எழுதினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"போயிடுச்சுண்ணா. காயும்போதே உரிஞ்சி போயிருக்கும். நான்தான் அவசரப்பட்டு ஊருக்குப் போயிட்டேன். இங்கயே இருந்துருக்கணும்."

நான் வேப்பமரத்தையே பார்த்தேன்.

"அம்மாவ பாக்கணும்போல இருந்துச்சு. ஒரு நாள் தள்ளிப் போயிருக்கலாம்." போனை எடுத்தாள். "அப்பா, நான்தான். புதன்கிழமை ஒண்ணும் நடக்காது போல. ஆமா. என் தப்புதாம்பா."

கிராஃபீனைத் துடைத்ததை நான் தாங்கிக்கொண்டேன். பொய் சொன்னதையும் தாங்கிக்கொண்டேன். 'என் தப்புதாம்பா' என்று அந்தப் பெண் தன் அப்பாவிடம் சொன்னதைத் தாங்க முடியவில்லை. போன் இன்னும் அவள் காதில் இருக்கும்போதே, "ஜன்னல் கண்ணாடி இல்லம்மா அது" என்றேன்.

அவள் போனை வைத்தாள். நான் பனியன் துணியிலிருந்து பூஜை அலமாரி வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் முகம் சிவந்தது.

"பொட்டு வெச்சதுக்குக் கூட கோவம் இல்லண்ணா" என்றாள். "ஒரு மணி நேரமா என்னையே நான் திட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே."

நான் வேப்பமரத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு அவளுக்கு ஏதோ தோன்றியது. "நீங்க தொடச்சப்ப வானவில் மாதிரி ஒண்ணு தெரிஞ்சுதுன்னீங்களே. முழுசா போயிடுச்சா?"

"பாதிதான் போச்சு. அதுக்குள்ள சார் கற்பூரம் கேட்டாரு."

"அந்தக் கண்ணாடி இப்ப எங்க இருக்கு?"

"கடலூர்ல. சாமிகிட்ட."

"வரச் சொல்லுங்க!"

சாமியையா, கண்ணாடியையா என்று கேட்கத் தோன்றியது. நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன். சுமதிக்குப் போன் போட்டேன். "அலமாரியில வெச்சியே ஒரு கண்ணாடி, அத எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சி காலேஜுக்கு வா. கேள்வி கேக்காத."

சுமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பூவு, சந்தனம்னு பிசுபிசுன்னு இருக்குங்க. கழுவி எடுத்தாரட்டா?"

"கழுவாத!"

நான் அப்படிக் கத்தியதில் அடுத்த கட்டடத்தில் வேதியியல் வகுப்பு நின்றுபோனது. துறைத் தலைவர் அறையை விட்டு வெளியே வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். வீட்டுல பாத்திரம்..."

"அண்ணா" என்றாள் ஸ்டெல்லா.

அவரிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அதுக்கு நான்தானய்யா கற்பூரம் காட்டினேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டாளி கிடைத்த ஆறுதல் எனக்கு.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சுமதி வந்து சேர்ந்தாள். வளையல் பெட்டியில் பஞ்சு வைத்து, அதற்குள் கண்ணாடியை வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்து சீட்டு அம்மாள் நகை என்று நினைத்து, புதுச்சத்திரம் வரைக்கும் கூடவே காவல் காத்தாளாம்.

"இந்தாம்மா" என்று ஸ்டெல்லாவிடம் நீட்டினாள். "நான் ஒண்ணும் தொடைக்கல. நான் இவரு இல்ல."

ஸ்டெல்லா அதை இடுக்கியில் பிடித்து ட்யூப்லைட்டுக்கு எதிரே சாய்த்தாள். எங்கள் நாலு கண்ணும் அவள் முகத்தில்.

"அண்ணா, பாதி இருக்கு!"

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலையேம்மா?"

"காட்டாது. இன்னும் மேல பிளாஸ்டிக் இருக்கே!"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் படலத்தைத் தண்ணீரிலிருந்து அள்ளும்போது கிழியாமல் இருக்க, மேலே மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் பூச்சு போட்டுத்தான் அள்ளுவார்களாம். காய்ந்த பிறகு அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடுவார்களாம். நான் பார்த்த வானவில் அந்தப் பிளாஸ்டிக். இன்னும் சரியாகக் காயாத பாதி என் துணியோடு வந்துவிட்டது, கிராஃபீனையும் கூட்டிக்கொண்டு. மறுபாதி, பொட்டுக்கு அடியில் இருந்த இடமும் சேர்த்து, பிளாஸ்டிக்குக்குக் கீழே பத்திரமாக இருந்தது. பாஸ்கரின் மீட்டர் தொட்டதும் அந்தப் பிளாஸ்டிக்கைத்தான். வியாழக்கிழமை போனில் உண்மையைச் சொல்லியிருந்தால், இதை அவள் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். மூன்று நாள் நான் கிடந்து தவித்தது, கேட்காத ஒரு கேள்விக்காக.

அவள் அசிட்டோனில் முக்கினாள். சந்தனம், குங்குமம், சாமந்தி மகரந்தம் எல்லாம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து போயின. மீட்டரை வைத்தாள். எண் ஓடியது. சுமதி என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டாள்.

"இது என்னண்ணா, ரெண்டு மூணு இடத்துல ஓட்ட?"

"அது கடலூர்ல மச்சான் மீட்டர் ஊசிய அழுத்தி எடுத்த ஸ்கேன்மா."

அடுத்த இரண்டு நாள் ஸ்டெல்லா அந்த மிச்சப் பாதியின் மேல் ஒவ்வோர் அடுக்காகப் பூசினாள். கடைசியில் பின்பக்கத்துக்கு அலுமினியம். நான் லேபில் நிற்கலாம், ஆனால் இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஜாமீன்.

புதன்கிழமை நிபுணர் வந்தார். நாலு செல் இருக்க வேண்டிய கண்ணாடியில் ஒரே ஒரு செல் இருந்தது. ஓரத்தில், அரிசி நொய் அளவுக்கு. விளக்கைப் போட்டதும் மீட்டரில் எண் ஏறியது, கையால் மறைத்ததும் இறங்கியது. ஒரு குட்டி பல்பைக்கூட அது எரிக்காது. ஆனால் வெயில் ஏறிய படியிலேயே கரண்டும் இறங்கிக்கொண்டிருந்தது. நிபுணர் மூன்று தடவை மறைத்து மறைத்துப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"

"சுத்தம் பண்றப்ப கொஞ்சம் போயிடுச்சு சார்."

"என்ன முறையில சுத்தம் பண்ணீங்க?"

ஸ்டெல்லா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் கையைப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாக விட்டேன்.

"உள்ளூர் முறை சார்" என்றாள்.

அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். உதவித்தொகை தொடர்ந்தது. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து மறுபடி தகடு வந்து, அவள் முழுக் கண்ணாடி செல்லே செய்தாள், அது வேறு. டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது வேறு ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் ஆய்வேட்டின் நன்றியுரையில் எனக்கும் ஒரு வரி உண்டு: 'ஆய்வகத்தில் எந்தப் பரப்பையும் அழுக்காக விடாத திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு.' அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் பாராட்டுகிறார்கள். சுமதி மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்விடுகிறாள், சிரிப்பை அடக்க.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு எதைக் கொடுப்பதென்றாலும் ஒரு கேள்வியோடுதான் கொடுப்பார்கள். ரேஷன் கார்டு கேட்டால், "கழுவி எடுத்தாரட்டா?" செல்போன் கேட்டால், "கழுவி எடுத்தாரட்டா?" மகளுக்கு பிளஸ் டூ மார்க் ஷீட் வந்த அன்று அவளே அதைப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்டாள். பாஸ்கர் கல்யாணத்தில் தாலித் தட்டை எடுத்துவரச் சொன்னபோது, சுமதி மணமேடையில் வைத்துக் கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும், அன்றைக்குக் கத்தின அதே குரலில், "கழுவாத!" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொருள் வராது.

போன மாசம் ஸ்டெல்லா தன் கைக்குழந்தையோடு கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுமதி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். நாலாவது நடையில் அப்படியே நின்றாள். குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து, கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். குழந்தை திருப்தியாகச் சிரித்தது.

சுமதி என்னைப் பார்த்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"என்னாங்க" என்றாள் சுமதி, "கழுவி எடுத்தாரட்டா?"

இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, சத்தம் போடாமல், யோசித்து, பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

"கழுவும்மா."